மேல்மாடியில் யாரும் இல்லை

இரவு இரண்டு இருபது.
புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடி.
தலைக்கு மேலே கோலிக்குண்டு விழுகிறது.
டக்.
டக் டக்.
பிறகு உருண்டோடி எங்கோ முட்டி நிற்கிறது.

மடிக்கணினியில் சூரியன்.
ஏதோ ஒரு விண்கலம் எடுத்தனுப்பியது.
தோல் முழுக்கக் கஞ்சி கொதிக்கும் குமிழ்கள்,
ஒவ்வொன்றும் தீபகற்ப மலேசியாவை
அப்படியே விழுங்கும் அகலம்,
பத்து நிமிடத்தில் பொங்கி உடைந்துவிடும்.
அதற்குள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
மேற்பரப்பே மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும்.
அப்படி அசைப்பது சத்தம்.
யாரும் கேட்டதில்லை,
நடுவில் வெற்றிடம்.
ஒளியின் நிறம் மயிரிழை நகர்வதைப் பிடித்துத்தான்
அசைவை எண்ணுகிறோம்.

என்னிடம் கொடுத்த கேள்வி ஒன்றுதான்:
எங்கிருந்து புறப்படுகிறது?

பகலில் பாலிடெக்னிக் ஆய்வகத்தில்
மாணவர்கள் எரித்த மின்சுற்றுகளுக்குக் கணக்கு எழுதுகிறவள்.
இரவில்தான் இந்தப் பகுதிநேர முதுகலை.
முதல் ஆறு மாதம் பளிச்சென்ற குமிழ்களைச் சந்தேகித்தேன்.
சூடு அங்கே, வேகம் அங்கே,
சத்தமும் அங்கேதானே இருக்கும்.

டக்.

அன்று பொறுக்கவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு, படியேறும்போதே
கோபத்தை ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டு,
பன்னிரண்டாம் மாடிக் கதவைத் தட்டினேன்.
மேடம் கோ உடனே திறந்தார்.
கையில் துணி உலர்த்தும் மூங்கில் கழி.
"நீயும் கேட்டாயா?" என்றார்.
கழியின் நுனி உயர்ந்து
அவர் வீட்டு உச்சியைக் காட்டியது.

பன்னிரண்டுக்கு மேல் மாடி கிடையாது.
பூட்டிய கதவு, தண்ணீர்த் தொட்டி, வானம்.
நான்கு வருடமாக அவர்
இல்லாத பதின்மூன்றாம் மாடிக்காரனைத்
திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வந்து நிரலைத் திறந்தேன்.
குமிழுக்கும் குமிழுக்கும் இடையே
இருண்ட சந்துகள் ஓடும்.
அவற்றை இரைச்சல் என்று
நானே வடிகட்டி வைத்திருந்தேன்.
ஒரே ஒரு வரி. அழித்தேன்.
கணினி முனகியது, விடியும்வரை.

சந்துகளில்தான் இருந்தது.
மேலே வந்து சூட்டை வானுக்குக் கொடுத்துவிட்டு,
ஆறி, கனத்து,
கால் இடறிய வாயு திடீரென்று உள்ளே சரிகிறது.
அந்தச் சரிவில்.
ஆழம்கூட அதிகமில்லை,
நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர்.
இங்கிருந்து பத்து பகாட் போய்வர அலுப்புப்படாத தூரம்.
இது முன்பே யாரோ கண்டதுதான்,
பேராசிரியர் சிரித்தபடி சொன்னார்.
இருக்கட்டும். நான் கண்டது அன்றுதான்.

மின்தூக்கியில் மேடம் கோவிடம் சொன்னேன்.
காய்கறிப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு
சற்று யோசித்தார்:
"விழுந்து அடிபடும் சத்தமா,
விழும்போதே வரும் சத்தமா?"
விழும்போது, என்றேன்.
அப்படித்தான் நினைக்கிறேன், என்றேன்.
பதினொன்றில் கதவு திறந்தும் நான் இறங்கவில்லை.

நகர மன்றத்து ஆள் வந்து பார்த்தார்.
குழாயில் நீர் முட்டுவதாக இருக்கலாம்,
பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட்
இரவில் ஆறிச் சுருங்குவதாக இருக்கலாம்,
எலியாகவும் இருக்கலாம்.
மூன்றையும் படிவத்தில் எழுதிக்கொண்டு போனார்.

இப்போது இரண்டு ஐம்பத்தொன்று.
சமையலறைச் சுவரில் காதை வைத்திருக்கிறேன்.
சுவர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது.
மேலே மேடம் கோவும்
இப்படித்தான் நின்றுகொண்டிருப்பார்.
கைப்பேசி அதிர்கிறது:
"உனக்குக் கேட்டதா? எனக்கு இந்தமுறை
கீழேயிருந்து."