காயம்பட்டோர் எண்ணிக்கை

வாஷிங்டன் நேரப்படி நள்ளிரவு வரை கெடு.
நெப்ராஸ்காவில் அதற்கு ஒரு மணி நேரம் குறைவு.
கார்வர் ஃபோர்க் நகர அலுவலகத்தில்
காபி இயந்திரமும் நானும் மட்டும் விழித்திருக்கிறோம்.

ஏழு கவச அங்கிகள்,
கேட்பது அவ்வளவுதான்.
கவச வண்டி போன வருடம் கேட்டது.
தலைமை அதிகாரி லண்டீனுக்கு அப்போது
கொஞ்சம் ஆசை கூடியிருந்தது.

அங்கியின் உள்புறம் தைத்த சீட்டில்
காலாவதித் தேதி இருக்கும், பால் பாக்கெட்டில் போல.
ஏழில் நான்கு திரிந்துபோன பால்.
ஓச்சோவா போட்டிருப்பது ஆம்பளை அளவு.
அவள் காரில் உட்கார்ந்தால்
அது எழும்பித் தாடையை இடிக்கும்.

செவ்வாய்க்கிழமை எல்லோரையும் அளந்தேன்,
ரவிக்கைக்கு அளவெடுக்கும் அதே நாடாவால்.
டாலஃப்சன் மூச்சை இழுத்து வயிற்றை ஒளித்தார்.
மூச்சை விடுங்க, குண்டை ஏமாத்த முடியாது என்றேன்.
சிரித்தார். நாற்பத்தாறரை அங்குலம்.
என் மொழியில் குண்டு என்றால்
பாய்வதும் அதுதான் பருத்ததும் அதுதான் என்று
அவருக்கு எப்படிச் சொல்ல?

அதே டாலஃப்சன்தான்
நாங்கள் குடிவந்த முதல் பனிக்காலத்தில்
சோளக் களஞ்சியத்தருகே என் காரை நிறுத்தியவர்.
பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம்.
என் கைகள் ஸ்டியரிங்மேல், தெரியும்படி.
அவர் கை இடுப்பில்.
டார்ச் வெளிச்சம் என் முகத்தில்
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது.
உரிமத்தில் என் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து
பாதியில் கைவிட்டார்.

அதை எழுத இந்த விண்ணப்பத்தில் பெட்டி இல்லை.
இருப்பது கேள்வி பதினான்கு:
கடந்த மூன்றாண்டுகளில் பணியின்போது
காயம்பட்ட காவலர் எண்ணிக்கை.

பூஜ்யம்.

போன முறையும் அதைத்தான் போட்டோம்.
பூஜ்யத்துக்குப் பூஜ்யம் மதிப்பெண்.
தேவை போதுமான அளவு நிறுவப்படவில்லை என்று
கடிதம் வந்தது.
லண்டீன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்று சாயங்காலம் கிளம்பும்போது
கதவைப் பிடித்தபடி கேட்டார்:
ஹோலிஸை நாய் கடிச்சுதே, அதைச் சேர்க்கலாமா?
கடித்தது ஹோலிஸின் சொந்த நாய்.
அன்று அவருக்கு விடுமுறை வேறு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரே தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாதிப் பணம் ஊர் போட வேண்டும்.
தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் சுட்டு விற்றதில்
ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்.
மிச்சத்துக்கு நூலகக் கூரையைத் தள்ளிப்போட்டார்கள்.
எதிர்த்துக் கை தூக்கியவர்கள் இரண்டு பேர்.
ஒருத்தி என் பக்கத்து வீட்டுக்காரி, பெவர்லி.
மூன்று நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
மழை பெய்தால் குழந்தைகள் புத்தகப் பகுதியில்தான் ஒழுகும்,
எனக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் படித்தது:
பரிசில் கேட்டுப் போகிறவன்
முதலில் தன் வறுமையைப் பாட வேண்டும்,
பிறகு வள்ளலை.
இங்கே வள்ளலுக்கு முகமில்லை,
கடவுச்சொல் உண்டு.
வறுமைக்கு ஐந்நூறு எழுத்து,
இடைவெளியும் சேர்த்து.

எழுதினேன்:
யாருக்கும் காயமில்லை.
அது அப்படியே இருக்கத்தான் கேட்கிறோம்.
அப்புறம் தேதிகள், அளவுகள், ஓச்சோவாவின் தாடை.

பதின்மூன்று எழுத்து அதிகம் என்று
சிவப்பில் கத்தியது திரை.
ஓச்சோவாவை எடுக்க மனமில்லை.
தேதிகளில் கை வைக்க முடியாது.
'மரியாதையுடன்' என்ற ஆங்கிலச் சொல்லையும்
அதன் இடைவெளியையும் நீக்கினேன்.
கச்சிதமாகப் பொருந்தியது.

பத்து ஐம்பத்தேழுக்கு அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு நீளமான எண் வந்தது.
தாளில் குறித்துக்கொண்டு விளக்கணைத்தேன்.

வீடு திரும்பும் வழியில்
களஞ்சியத்தருகே விளக்கில்லாமல் ஒரு ரோந்து வண்டி.
உள்ளே யாரென்று தெரியவில்லை.
என் கால் தானாகப் பிரேக்கைத் தொட்டது.
நாற்பத்தாறரை என்று
வாய் முணுமுணுத்தது.