முந்நூறு கிராம் ரவை, ஒரு தேங்காய்

குன்னூரில் ஷாநவாஸ் இரண்டையும் மேசைமேல் வைத்தார்.
ஒன்று சோப்புப்பெட்டி அளவு,
உள்ளங்கையை மடக்கினால் காணாமல் போகும்.
மற்றது மூக்கை நீட்டிக்கொண்டு, கழுத்துவாரோடு.
மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி கிடையாது என்றார்.
இல்லாததுக்கா இவ்வளவு என்றேன்.
சின்னதும் ஏறக்குறைய அதே விலைதான்.
"சின்னதாக்கத்தான்க்கா செலவு."

இரண்டின் எடையை மட்டும் கேட்டு
பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒரு சுவர்.
கட்டபெட்டுப் பக்கம் எங்கள் தேயிலை ஃபேக்டரியில்
கொழுந்து வாட்டும் மாடியின் வெளிச்சுவர்.
இரவு முழுக்க டியூப்லைட் எரியும்.
மழை விட்ட ராத்திரிகளில்
அந்துப்பூச்சிகள் வந்து அப்பிக்கொள்ளும்.
சருகுபோல் ஒன்று,
காக்காய் எச்சம்போல் நடிக்கும் ஒன்று,
கல்யாணப் பட்டில் கரையை மட்டும் கிழித்து ஒட்டியதுபோல் ஒன்று.
ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியும்.
ஆறரைக்குச் சின்னான்கள் வந்துவிடும்.
ஏழுக்குச் சுவரடியில் இறக்கைகள் மட்டும் கிடக்கும்.
நடுவில் எனக்கு அரைமணி.
போனில் எடுத்தால் எல்லாம்
ஈரத்துணியால் துடைத்த மாதிரி.

பேக்கிங் தராசில் முந்நூறு கிராம் ரவை நிறுத்து
கவரில் கட்டி ஸ்வெட்டர் பைக்குள் போட்டேன்.
அது சின்ன கேமரா.
அரைக்கிலோ தேங்காயை, குடுமியைப் பிய்த்து,
பூண்டு வாங்கிய வலைக்குள் இட்டு
மகளின் காலேஜ் அட்டை நாடாவில் கோத்தேன்.
அது பெரியது.
ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது.

ரவை வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
பஸ்ஸில் தூங்கினேன், கொழுந்தைப் புரட்டினேன்,
பையில் இருப்பதே தெரியவில்லை.
வியாழக்கிழமை ஸ்வெட்டரை ஊறப்போட்டேன்,
ரவையோடு.
வாளி நிறையக் கஞ்சி.
அந்த வாரம் சுவர்ப்பக்கம் போனேனா?
யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.

தேங்காயை எல்லாரும் பார்த்தார்கள்.
பாய்லர் போஜன், "வேண்டுதலா?" என்றார்.
சூப்பர்வைசர் பாராததுபோல் போய்
திரும்பி வந்து பார்த்தார்.
கண்டக்டர் லக்கேஜ் போடவா என்று கேட்டார்.
குனிந்தால் தாடையில் இடிக்கும்.
பிடரி வலிக்கு வெந்நீர் ஒற்றடம்.

மூன்றாம் நாள் விடிகாலை,
சுமந்தது வீணாகக் கூடாதே என்ற வீம்பில்
அதையும் தூக்கிக்கொண்டு சுவருக்குப் போனேன்.
மூடுபனி டியூப்லைட்டைப் பஞ்சாக்கியிருந்தது.
இரண்டு கையாலும் தேங்காயைப் பிடித்து
மூன்று கண்ணில் ஒன்றை
ஒரு பூச்சிக்கு நேராக வைத்தேன்.
என் மூச்சு புகைந்து அதன்மேல் படாதிருக்க
வாயை மூடிக்கொண்டேன்.
மீசை, சீப்பு.
கால்களில் ரோமக் காலுறை.
இடது இறக்கையில் நகக்கண் அளவு கிழிசல்;
அதன்வழியே சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது.
பதினோரு வருஷமாக நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன்.

பின்னால் போஜன் நின்றிருந்தார்.
எவ்வளவு நேரமாக என்று தெரியாது.
"விழுந்துச்சா?" என்றார், மெதுவாக.

சனிக்கிழமை ஷாநவாஸுக்குப் போன் செய்து
பெரியதை எடுத்துவைக்கச் சொன்னேன்.
சின்னதுதானே வசதி உங்களுக்கு என்றார்.
ரொம்ப வசதி, துவைத்தே விட்டேன் என்றேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு
தவணைக்கு ஆதார் நகல் வேண்டும் என்றார்.

டப்பாவில் மிஞ்சிய ரவையில் உப்புமா கிண்டினேன்.
பெரிய கேமராவை உடைத்து
மகள் சட்னி அரைத்தாள்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.