எடை

அவென்யூ ரோட்டு அடகுக்கடையில்
மீட்க ஆள் வராத பதினோரு தங்கரேக்குப் புத்தகங்கள்.
பன்னாலால் ஒன்றைத் தராசில் வைத்து
நாலு கிராம், இன்றைய ரேட்டைப் பாருங்கள் என்றார்.
அது காகிதத்தின் எடை, சேட்.
காகிதத்தை எடுத்துவிட்டால் ஆயிற்று என்று தொட்டவர்
விரல்நுனியில் மினுக்கத்தோடு நின்றார்.
இருபத்தைந்து தாளும் சேர்ந்து
அரை கிராம் தேறாது.

எனக்குத் தாள்தான் கணக்கு.
பல் டாக்டர் மல்லிகார்ஜுனப்பாவின் வாசல் கண்ணாடிக்கு,
கன்னடத்தில்.
மூன்று ஒத்தெழுத்து கீழே தொங்கும்,
அதற்கே ஒன்றரைத் தாள்.

கண்ணாடிச் சில்லில் ஒற்றி
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
வெள்ளைப் பால்வண்டி பச்சையாகப் போயிற்று.
அசல்.
ஒன்பதில் இப்படி.
இரண்டில் வெயிலே நுழையவில்லை,
ஓரம் கறுத்த பித்தளை.
சொல்லாமல் விடலாமா என்று யோசித்துச் சொன்னேன்.
அந்த இரண்டையும் அவர் வேறு டிராயரில் வைத்ததை
நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் கடைப்பையன் ஃபேனைப் போட்டான்.
ஒரு தாள் எழும்பி, தயங்கி,
சேட்டின் கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

துடைக்காமலே பேரம் பேசினார்,
பேசப் பேச அது வாய்ப்பக்கம் விரிசல்விட்டது.
பில்லில் பார்க்கிறேன்:
தாள் இருநூற்று இருபத்தைந்து.