எடைக் கணக்கு

செவ்வாய்க்கிழமை என்றால் எடைக் கூட்டம்.
லோயர் ஆறு கடலில் கரையும் இடத்தில்
மூன்றாம் மாடி, உப்புப் படிந்த கண்ணாடி.
நான் குளிர்சாதனப் பிரிவு.
இல்லாத கப்பலுக்குள்
இருபது டிகிரி, நான்கு டிகிரி,
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு என்று
காற்றைப் பங்கு போடுவது என் வேலை.

கப்பல் இன்னும் இல்லை.
எடை மட்டும் வந்துவிட்டது.
கொரந்தானின் பட்டியலில் வாரா வாரம் பருக்கிறது.
திருட்டுத்தனமாக இதற்கு ஊட்டியது யார் என்று
ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான்.
போன வாரம் நாங்கள் மறைத்தது
வண்ணப்பூச்சு. வெறும் பூச்சு,
அறுபத்தெட்டு டன்.

இரண்டு உலைகள்.
யாருக்கு உலை வைக்க என்று
கூட்டக் குறிப்பில் எழுதுவதில்லை.
ஆர்மெல் முதலில் வரைந்தது உலையை அல்ல,
உலை வெளியேறும் வழியை.
கப்பல் ஓடி ஓய்ந்தபின்
எந்தத் தளத்தை அறுத்து, எந்தக் குழாயை மடக்கி,
எவர் அதைத் தூக்குவார் என்பதை.
அந்த எவருடைய அம்மா
இப்போது ஏதோவொரு வகுப்பில்
ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறிக்கொண்டிருக்கலாம்.
இவ்வளவு அகலமான வழியா என்று கேட்டதற்கு
ஆர்மெல் பென்சிலைக் கீழே வைத்தாள்.
"எங்கள் வீட்டு மாடிப்படி குறுகல்.
அப்பாவை ஜன்னல் வழியாகத்தான் இறக்கினோம்."
அதற்குப் பிறகு அந்த வழியில்
யாரும் ஒரு அங்குலம் குறைக்கச் சொல்லவில்லை.

இவோனிக் கடலில் ரொட்டி சுட்டவன்.
மூன்றாவது அடுப்பு கேட்டு நான்கு மாதமாகப் போராடுகிறான்.
இரண்டாயிரம் பேர் காலையில் எழுவார்கள்,
கவண்களின் மின்சாரத்தையா தின்பார்கள் என்கிறான்.
மேல்தளத்துக் கவண்கள்
இன்னும் பெயர் வைக்காத விமானங்களை
இன்னும் யாரும் பகைக்காத திசையில் எறியும்.
அவற்றுக்கு டன் கணக்கில் இடம் உண்டு.
அடுப்புக்கு இல்லை.

பதினான்காவது பொருள்: சவ அறை.
என் பிரிவு. நான் எழுந்தேன்.
பழைய கப்பலில் ஆறு தட்டு என்றேன்.
தளபதி பெர்த்தியே கோப்பிலிருந்து தலை தூக்காமல்
"பன்னிரண்டு" என்றார்.
காரணம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

கொரந்தான்தான் கேட்டான்.
அவனுக்கு அது கணக்கு, வேறொன்றுமில்லை:
"வெறுமையாகப் போடவா,
நிரப்பிப் போடவா?"

வெளியே ஓதம் வடிந்துகொண்டிருந்தது.
மரக்கால் குடிசைகளில் மீன்வலைகள்
காற்றில் தொங்கின.
அப்பால், அந்தப் போரில்
நீர்மூழ்கிகளுக்கென்று கொட்டிய கான்கிரீட் கொட்டடி.
சில வருஷத் தேவைக்கு எழுப்பியது,
இடிக்க வழியில்லாமல் நிற்கிறது.
அதைக் கட்டியவர்களும் ஒரு செவ்வாய்க்கிழமை
இப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

ஆர்மெல் சொன்னாள்,
மெதுவாக, யாரையும் பார்க்காமல்:
"வெறுமையாகவே போடு.
அவர்கள் எடை ஏற்கெனவே இருக்கிறது.
மாலுமிகள் என்ற வரியில்."

கொரந்தான் தேடினான். இருந்தது.
தலைக்கு எழுபத்தைந்து கிலோ,
பெட்டி, காலணி தனி.
கப்பலின் எடை மாறவில்லை.
பதினைந்தாவது பொருளுக்குப் போனோம்.
சலவை இயந்திரங்கள்.

இரவு வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்தேன்.
நான்கு டிகிரி.
வெண்ணெய், பாதி எலுமிச்சை, நேற்றைய மீன்.
திறந்ததும் உள்ளே விளக்கு எரிந்தது.

அந்த அறைக்கு விளக்குப் போட
மறந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் கேட்க வேண்டும்.
ஒன்றே ஒன்று.
நானூறு கிராம்.