இருப்புப் பதிவேடு

திங்களன்று தணிக்கை.
வாரத்தில் மூன்று அரைநாள் வருகிற
பகுதிநேர ஓவிய ஆசிரியை நான்
பீரோவைத் திறக்கிறேன்.

போஸ்டர் கலர், பன்னிரண்டு பெட்டி
என்கிறது பதிவேடு.
பன்னிரண்டும் இருக்கின்றன.
நீலக் குப்பிகள் மட்டும் காலி.
வழித்து, தண்ணீர் விட்டுக் குலுக்கி
அதையும் தீர்த்திருக்கிறார்கள்.

கடலூர் முதுநகரில்
எந்தத் தலைப்பு கொடுத்தாலும்
ஓரமாய்க் கடல் வந்துவிடும்,
பொங்கல் விழாவில்கூட.

போன வாரம்
கணக்கு சார் கேட்ட பீரியடைக் கொடுக்காமல்
‘இருக்கிறத வச்சுப் போடுங்க’ என்றேன்.
இருந்தது காவியும் பழுப்பும்.

ஒன்பதாம் பி ரஷீதா
கடலைப் பழுப்பில் இழுத்தாள்.
கடைசி பெஞ்சில் சிரிப்பு.
திரும்பாமலே சொன்னாள்:
‘மழை விட்டதும்
உப்பனாறு கலக்குற எடத்துல
போய்ப் பாருங்கடா.’

சிரித்தவர்களில் தேசப்பன்
விசைப்படகுக்காரர் மகன்.
கொஞ்ச நேரம் கழித்து
மூடியை நீட்டி
அந்தப் பழுப்பில் கொஞ்சம் கேட்டான்.

நீலம்: இல்லை, என்று எழுதுகிறேன்.
பக்கத்தில் ‘காரணம்’ கட்டம்
சுண்டுவிரல் நகத்தளவு.

கடல் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.