ஒரு இடைவெளி

மூன்று யார்டு, ஒரே மென்பொருள்.
மணலியில் ஆரக்கிள்; முதலாளியின் மைத்துனர்
எந்தக் காலத்திலோ வாங்கிப்போட்ட லைசென்ஸ்.
எர்ணாவூரில் மைஎஸ்க்யூஎல், ஓசி என்பதால்.
சாத்தாங்காட்டில் போஸ்ட்கிரெஸ்,
அது என் பிடிவாதம்.

"எதுல ஓடினா இன்னாமா,
லாரி உள்ள வரணும், வெளிய போவணும்."
எனக்குத் தரப்பட்ட வடிவமைப்பு ஆவணம் இவ்வளவுதான்.

நடுவில் ஓர் அடுக்கு கட்டினேன்.
மேலிருந்து ஒரே கேள்வி இறங்கும்,
கீழே அவரவர் பேச்சில் போய்ச் சேரும்.
பத்து வரி போதும் என்பதை
மணலிக்கு மட்டும் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டும்.
பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எர்ணாவூருக்கு ஒன்றுதான்;
சாத்தாங்காடு அதற்கும் சண்டைக்கு வரும்.
எல்லாம் சரிக்கட்டியாயிற்று என்று
லில்லி புஷ்பத்திடம் நான் சொன்னது வெள்ளிக்கிழமை.

அன்று ராத்திரி ஒன்றே முக்காலுக்கு போன்.
மணலி கேட் திறக்கவில்லை.
ட்ரெய்லர் வரிசை எம்எஃப்எல் சந்திப்பைத் தொட்டுவிட்டதாம்.
முதல் வண்டி டிரைவர் அ. குணாளன்.
அ என்றால் அஞ்சலாட்சி, அம்மா.
தந்தை பெயர் என்ற கட்டத்தில் எதுவும் இல்லை.

எர்ணாவூர் அவரை வாங்கிக்கொண்டிருந்தது. சாத்தாங்காடும்.
ஆரக்கிளுக்கோ
காலிப் பாத்திரத்தைக் காட்டினால்
பாத்திரமே இல்லை.
இல்லாததை உள்ளே விடாதே என்று
அந்தக் கட்டத்துக்குக் காவல் போட்டது நானேதான்.

"எம்மா, எழுத மறந்துட்டு உடல.
எழுத ஒண்ணியும் இல்லனு உட்டேன்.
ரெண்டும் வேற வேற தானே?"

ஆமாம் என்றேன்.
மூன்றில் இரண்டு உங்கள் பக்கம் என்று சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சுத்திகரிப்பு ஆலையின் தீ
தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.
அந்த வாடை வந்தது
(எங்கள் தெருவில் அதை வாடை என்பதில்லை,
காத்து மாறிடுச்சி என்பார்கள்).
காலி வந்தால் ஒரு இடைவெளி வைத்து அனுப்பு:
ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
கேட் திறந்தது. தூங்கினேன்.

திங்கட்கிழமை
இடைவெளியும் காலியும் எர்ணாவூருக்கு ஒன்றாகவே பட்டன.
சாத்தாங்காட்டில் இரண்டு குணாளன்கள்.
ஒரே வண்டி, ஒரே முகம், ஒரே கைபேசி எண்.
ஒருவருக்கு அப்பா இல்லை.
இன்னொருவருக்கு அப்பா ஒரு ஸ்பேஸ்பார்.

லில்லி சிரித்து முடிக்க நேரமானது.
பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
லாரி உள்ள வரணும், வெளிய போவணும்.
நடுவுல அப்பா எதுக்கு?

பழைய படிவத்தில் இருந்தது என்றேன்.
அதற்கும் முன்னால், கோடு போட்ட நோட்டில்.

இரண்டு குணாளன்களைக் கையாலேயே ஒருவராக்கினேன்.
கட்டத்தை எடுத்துவிடும் கட்டளையை
மூன்று பேச்சிலும் எழுத உட்கார்ந்தேன்.
ஆறு சொல்.
ஆரக்கிளுக்கும் அதேதான், மைஎஸ்க்யூஎல்லுக்கும்,
போஸ்ட்கிரெஸ்ஸுக்கும். ஓர் எழுத்து மாறவில்லை.
நான் கட்டிய அடுக்குக்கு
அன்றைக்கு வேலையே இல்லை.