பதினெட்டு அங்குலத் தடிப்பு

அவனுக்கு இரவு ஒன்பதரை, எனக்குக் காலை எட்டு.
நானுஓயா ஸ்டேஷனுக்கு மேலே
கடைப்பலகை ஒன்றுதான் கழற்றியிருக்கிறேன்.
திரவியநாதன், சின்னம்மா மகன்,
கனடாவில் போனைத் தரைக்குத் திருப்பிக் காட்டுகிறான்:
"இதுதான் ஏரி. இதுக்கு மேலதான் நிக்கிறேன்."

தடிப்பு?

"பதினெட்டு அங்குலம். லொறியே போகுது அண்ணே."

அவன் சமைக்கிற விடுதியின் முதலாளி
கொட்டிலில் கிடந்த மரம் அறுக்கும் மெசினைத்
தூக்கிக் கொடுத்துவிட்டாராம்.
ஐஸை அறுத்து, மரத்தூள் போட்டு மூடி,
கோடைக்கு அடுக்கி வைக்க வேண்டுமாம்.
இருபத்தாறு வருஷமாக டர்பன்டைன் மரம் அறுத்த மெசின்களுக்கு
வைத்தியம் பார்க்கிறவன் நான்.
எனக்குத் தெரிந்த உறைபனி
ஜனவரிப் புல்லில் கிடக்கும்,
ஏழரை வெயிலுக்கு இராது.
அது படுத்த இடத்துக் கொழுந்து மட்டும்
நெருப்புப் பட்டதுபோல் கருகும்;
அந்த வாரம் மங்களேஸ்வரிக்கு அரைப் பேர்தான்.

ஆனாலும் கேட்டுவிட்டான்.
தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

நுவரெலியா மார்க்கெட்டில்
நீர்கொழும்பு லொறி இறக்கிப்போட்ட ஐஸ்கட்டி ஒன்றை
இல்யாஸிடம் கேட்டேன்.
"மீனுக்கா?"
"இல்ல, வாளுக்கு."
ஒரு மாதிரிப் பார்த்தான், காசு வாங்கவில்லை.
சாக்கு விரித்து,
என்னிடமிருந்த கிழட்டு மெசினை எடுத்தேன்.
பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்னத் திமிலை
அரம் போட்டுத் தாழ்த்தினேன்;
மரத்துக்குக் கொஞ்சம், இதற்குத் தாராளம்.
பழைய எண்ணெயோடு அறுத்தால்
ஏரி முழுக்க கராஜ் நாறும்.
மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத்
தேங்காயெண்ணெய் ஊற்றினேன்.

மார்க்கெட் வாசலுக்கு வருவதற்குள்
அது மெழுகாகி
எண்ணெய்த் துளையை அடைத்துக்கொண்டது.
இந்த ஊரில் தலைக்கு வைக்கிற போத்தலையே
அடுப்பங்கரையில்தான் வைப்போம்,
அது எனக்கு ஏன் மறந்தது?

சரி, எண்ணெயே வேண்டாம்.
பம்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
சங்கிலி இறங்கியது.
அடம் இல்லை, நார் இல்லை, பிசின் இல்லை,
உருகுகிற தண்ணீரே அதற்கு எண்ணெய்.
வெள்ளைத் தூள் என் முழங்கால்வரை பறந்தது.
வெட்டுவாயில் ஒரு சாளைச் செதில் மின்னியது.

இல்யாஸ் சுளகோடு ஓடி வந்து
தூளை அள்ளிப் பாரை மீன்மேல் கொட்டினான்.
"கடப்பாரையால குத்திக் குத்திக் கை விட்டுப்போச்சு.
வியாழக்கிழமையும் வாங்க நாநா."

அன்று இரவே திரவியநாதனுக்கு எல்லாம் சொன்னேன்:
திமில், பம்பு, வெறும் சங்கிலி.
நிபுணன்போலத்தான் சொன்னேன்.

மறுநாள் எடுத்தான்.
மெசின் சமையலறையில்,
சூப் சட்டிக்குப் பக்கத்தில்,
குளிக்கவைத்த குழந்தைபோல் துவாயில் சுற்றி.

"நாலு கட்டி நல்லா வந்துச்சு.
டீ குடிக்கப் போனேன், பத்து நிமிஷம்.
வந்து பாத்தா சங்கிலியும் தகடும் ஒண்ணா உறைஞ்சிருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம்.
என் ஐஸ் தானாக உருகுகிற ஐஸ்.
மைனஸ் இருபத்திரண்டில் ஈரம் என்ன செய்யும் என்று
இந்த மார்க்கெட் எனக்குச் சொல்லவில்லை.

நிறுத்தியதும் கீழே வைக்காதே, என்றேன்.
தண்ணீர் தெறித்து முடியும்வரை
காற்றில் வெறுமனே ஓடவிடு.

"அதை நானே கண்டுபிடிச்சிட்டேன் அண்ணே,
சொல்லத்தான் எடுத்தேன்."

போனைத் திருப்பினான்.
அறுத்தெடுத்த சதுரத்தில் கறுப்புத் தண்ணீர்,
லேசாக ஆவி.
பக்கத்தில் தூக்கி வைத்த கட்டிக்குள்
ஒரு நாணல் இலை, வளைந்தது வளைந்தபடி.

என் பில் புத்தகத்தில்
ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு பக்கம்:
பெயர், பழுது, என்ன மரம்.
சவுக்கு, டர்பன்டைன், சவுக்கு, அல்பீசியா.
இன்று அந்தக் கட்டத்தில்
ஏரி என்று எழுதினேன்.
கூலிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.
வியாழன், இல்யாஸ், இரண்டு பாரை
என்று அடுத்த பக்கத்தில்.